ஏழாம் நாளின் பெருமை யாருக்கு?

மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில் மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. அங்கானாலும் அதைப் போன்ற வேறு சாலையோர ஊரானாலும், மருந்துக் கடையில் போய் "சளிக்கு ஒரு செட் குடுங்கண்ணே" என்று கேட்டால், டாக்டர் சீட்டு இல்லாமலே ஒரு சின்னக் காகித உறை கைக்கு வந்துவிடும். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் ஒன்று, மூக்கொழுகலுக்கு ஒன்று, கூடவே ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக ஒரு மாத்திரை. மற்ற இரண்டையும் விழுங்கப் பிள்ளை அழும். இந்த மூன்றாவதை மட்டும் தானே கேட்டு வாங்கிச் சப்பும், புளிப்பும் இனிப்புமாக இருப்பதால். பெரும்பாலும் அது 500 மில்லிகிராம் வைட்டமின் சி. அதே பிள்ளை அன்று சாயங்காலம் ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் எடுத்தால் வீட்டில் யாராவது பிடுங்கி வைத்துவிடுவார்கள்: "சளி புடிச்சிருக்கும்போது கொய்யாவா? நெஞ்சில கட்டிக்கும்." ஆரஞ்சு, எலுமிச்சை, நெல்லிக்காய் எல்லாவற்றுக்கும் அதே தடைதான், எல்லாம் குளிர்ச்சி. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது என்கின்றன ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைகள். பழமாக வந்தால் சளியை உண்டாக்குகிற பொருள், மாத்திரையாக வந்தால் அதைப் போக்குகிறது. இரண்டையும் நம்புகிறவர் ஒருவரே. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்: "அனுபவத்துல பாத்தது."

அந்தப் பதிலைத்தான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அனுபவத்தை அப்படிச் சுலபமாகத் தள்ளிவிட நம்மால் முடியாது. படித்தறிந்ததைவிடப் பட்டறிந்தது பெரிது என்பது பக்தி மரபுக்கும் சித்தர் மரபுக்கும் பொதுவான முடிவு. கடவுளைப் பற்றிய பேச்சில் கடைசிச் சாட்சியாக நிற்பது அனுபவம்தான். ஆனால் அதே சமயங்கள் வாதத்துக்கு உட்கார்ந்தபோது, எந்த அறிவு செல்லும், எது செல்லாது என்று பிரித்துப் பார்ப்பதில் கறாராக இருந்திருக்கின்றன. சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாச்சாரியார் பலவாகச் சொல்லப்பட்ட அளவைகளை, அதாவது அறிவு வரும் வழிகளை, காட்சி, கருதல் (ஊகம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என மூன்றில் அடக்கினார். அவருக்கு வெகுகாலம் முன்னரே, மதுரைக் கூலவாணிகர் என்று மரபு சொல்லும் சீத்தலைச் சாத்தனார், மணிமேகலையின் 27ஆம் காதையில் பத்து அளவைகளைப் பட்டியலிட்டதோடு நிற்காமல், அளவை போலத் தோன்றி ஏமாற்றும் எட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்த எட்டில் இரண்டு நமக்கு வேண்டியவை. தூரத்தில் தெரிவது நட்ட கட்டையா, ஆளா என்று திகைப்பது ஐயம். பக்கத்தில் போய்ப் பார்க்காமலே அது ஆள்தான் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். இரண்டும் குற்றம்தான். ஆனால் ஐயப்படுகிறவன் இன்னும் நாலடி நடந்து பார்ப்பான். தேராமல் தெளிந்தவன் நின்ற இடத்திலேயே நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பான். சளிக்கு வைட்டமின் சி என்ற நம்பிக்கை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதே என் கட்சி. நம்புகிறவர்கள் முட்டாள்கள் என்பதால் அப்படி ஆகவில்லை. சளி என்ற நோயின் இயல்பே யாரையும் அப்படித் தெளியவைத்துவிடும்.

நம்பிக்கை ஒன்றுமில்லாததிலிருந்து முளைக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வைட்டமின் சி இல்லாமல் மனிதன் சாவான். அதில் சந்தேகமே கிடையாது. 1747இல் 'சாலிஸ்பரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிக் கால் வீங்கிக் கிடந்த 12 மாலுமிகளை ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆறே நாளில் ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் எழுந்து நடமாடினார்கள். இங்கே, வட இந்தியாவில், 1939–40இல் ஹிசார் பகுதிப் பஞ்சத்தில் அதே ஸ்கர்வி வந்தபோது நெல்லிக்காய்ப் பொடி கொடுத்து அடக்கினார்கள். நெல்லிக்காயில் எவ்வளவு சத்து என்று அளந்து சொன்ன ஆய்வுக்கூடம் அப்போது நம் நீலகிரியில், குன்னூரில் இருந்தது. ராபர்ட் மெக்கரிசன் 1918இல் தொடங்கிவைத்தது, 1958இல் ஐதராபாத்துக்குப் போய்த்தான் மேலே சொன்ன தேசிய நிறுவனமாயிற்று. இந்த வெற்றிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கர்வி தானாகப் போகாது. பழம் கொடுக்காவிட்டால் நோயாளி இறப்பான், கொடுத்தால் எழுவான். அங்கே கண்ணால் கண்டதே போதுமான சாட்சி. இரண்டு மாலுமிகள் எழுந்து நடந்தது ஒரு பெரிய புள்ளிவிவரத்துக்குச் சமம். அந்தப் பெருமையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ச் சளியின் மேல் வைத்ததில்தான் கோணல் தொடங்குகிறது.

தூக்கிவைத்தவர் சாதாரண ஆள் அல்ல. லைனஸ் பாலிங் வேறு யாரோடும் பங்கு போடாமல் இரண்டு நோபல் பரிசு வாங்கியவர்: வேதியியலுக்கு 1954இல், அமைதிக்கு 1962இல். இர்வின் ஸ்டோன் என்ற வேதியியலாளர் 1966இல் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து அவருக்கு இந்த நம்பிக்கை வந்தது. 1970இல் வைட்டமின் சியையும் சளியையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாளுக்கு ஒரு கிராமும் அதற்கு மேலும் சாப்பிடுங்கள் என்றார். அமெரிக்க மருந்துக் கடைகளில் சரக்குத் தீர்ந்துபோகிற அளவுக்கு மக்கள் வாங்கினார்கள். அவருடைய வாதங்களில் ஒன்று ஆட்டைப் பற்றியது. பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சியைத் தம் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. மனிதனுக்கும் குரங்கினத்தில் பலவற்றுக்கும் அந்தத் திறன் எப்போதோ போய்விட்டது. மனித எடையுள்ள ஓர் ஆடு நாளுக்குப் பத்துக் கிராமுக்கு மேல் செய்துகொள்கிறது என்றால், நமக்கும் அந்த அளவில் வேண்டாமா? கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. கருதல் அளவையில் இது பழைய ஓட்டை: ஆடு செய்துகொள்வதைக் கொண்டு மனிதனுக்குத் தேவையானதை முடிவுகட்ட, இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தொடர்பை யாரும் நிறுவவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் கிடை போடுகிறவரிடம் பாலிங் கேட்டிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். அத்தனை கிராம் செய்துகொள்கிற வெள்ளாட்டுக்கும் மழைக்காலத்தில் மூக்கு ஒழுகத்தான் செய்கிறது.

"இரண்டு நோபல் வாங்கியவர் சொன்னால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு நம் தருக்க நூல்களிலேயே விடை இருக்கிறது. உரை ஓர் அளவைதான். ஆனால் எவர் உரையும் எல்லாவற்றுக்கும் ஆகாது. நியாய சாத்திரக்காரர்கள் ஆப்தன் என்று சொல்வது, பேசும் பொருளை நேரே அறிந்து, அறிந்ததை அறிந்தபடி சொல்கிறவனை. அணுக்கள் ஒன்றோடொன்று பிணையும் விதத்தில் பாலிங் ஆப்தர். சளியில் அவர் நம்மைப் போல இன்னொரு நோயாளி.

பனை நிறைந்த நாட்டுக்காரர்களுக்கு ஒரு கதை தெரியும்: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. வடமொழியில் இதையே காகதாலீய நியாயம் என்று தருக்கப் பாடமாக வைத்திருக்கிறார்கள். பழமொழியைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். அதைச் சோதிப்பது எப்படி என்று யோசிப்பதில்லை. காக்கை உட்கார்ந்து பழம் விழுந்த தடவைகளை மட்டும் எண்ணினால் எத்தனை ஆயிரம் வந்தாலும் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்தும் விழாத தடவைகள், உட்காராமலே விழுந்த தடவைகள் இரண்டையும் கூடவே எண்ண வேண்டும். சளியில் இந்தக் கடைசிக் கணக்கு பெரியது. மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று ஊரில் சொல்வது வெறும் கேலி இல்லை, நோயின் போக்கே அதுதான். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். மனிதர் மருந்துக் கடைக்குப் போவதும் பெரும்பாலும் அந்த உச்சத்தில்தான். அதற்குப் பின் எதைச் செய்தாலும் அதன் பின்னால் சுகம் வரும். மிளகு ரசம், ஆவி பிடித்தல், மாத்திரை, திருநீறு, பட்டினி எல்லாமே வென்றவை ஆகிவிடும். தானாகப் போகிற நோய், யார் கையிலிருந்து எதை வாங்கினாலும் அவரை வைத்தியராக்கிவிடுகிறது. கொய்யாத் தடையும் இப்படித்தான் நிலைபெற்றிருக்க வேண்டும். பழம் தின்ற பிள்ளைக்கு அடுத்த நாள் இருமல் கூடினால் பழத்தின் மேல் பழி. இரண்டாம் நாள் இருமல் எப்படியும் கூடத்தானே போகிறது?

ஆகவே ஒருவருக்கு மாத்திரை, ஒருவருக்கு மாத்திரை போலவே இருக்கும் வெறும் சர்க்கரை, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை. இதுவும் சுலபமாக நடக்கவில்லை. டொராண்டோவில் டெரன்ஸ் ஆண்டர்சன் குழு பாலிங்கின் பேச்சைப் பொய்யென்று காட்டும் எண்ணத்தோடு தொடங்கி 1972இல் வெளியிட்ட ஆய்வில், சளி பிடித்த தடவைகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் வீட்டோடு முடங்கிய நாட்கள் சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தன. அவர்களே இன்னும் பெரிதாகச் செய்தபோது அத்தனை பலன் தெரியவில்லை. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் நடந்த கூத்து இதைவிடச் சுவையானது. அங்கு வேலை பார்த்த 311 பேர் தாமாக முன்வந்து ஒன்பது மாதம் மாத்திரை விழுங்க ஒப்புக்கொண்டார்கள். முடிவு வரை நின்றவர்கள் 190 பேர். ஒரு சாராருக்கு உறைக்குள் வைட்டமின் சி, இன்னொரு சாராருக்குப் பால் சர்க்கரை. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களின் கை சும்மா இருக்குமா? பலர் உறையைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஒன்று புளித்தது, ஒன்று இனித்தது. கடைசியில் கணக்குப் பார்த்தபோது வைட்டமின் எடுத்தவர்களுக்குச் சளி கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தது. ஆனால் தாம் எதைச் சாப்பிடுகிறோம் என்று ஊகிக்காதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. 1975இல் இந்த முடிவை வெளியிட்டவர்கள், பலன் நாக்கிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதினார்கள். பின்லாந்தின் ஹாரி ஹெமிலா இதை ஒப்பவில்லை. அந்த ஆய்வின் எண்களை நாக்கை மட்டும் வைத்து விளக்க முடியாது என்று பின்னாளில் விரிவாக மறுத்தார். அவர் வைட்டமின் சியின் பக்கம் சாய்ந்தவர் என்றே சொல்லலாம். அதனால்தான் அவர் தலைமையில் வந்த மொத்தத் தொகுப்பை நான் கூடுதலாக நம்புகிறேன்.

ஹெமிலாவும் எலிசபெத் சாக்கரும் காக்ரேன் அமைப்புக்காக 2013இல் வெளியிட்ட அந்தத் தொகுப்பு, தினமும் வைட்டமின் எடுத்தவர்களுக்குச் சளி வருவது குறைகிறதா என்று பார்த்த 29 ஒப்பீடுகளில் 11,306 பேரைக் கணக்கில் எடுக்கிறது. சாதாரண மக்களில் சளி பிடிப்பது குறையவில்லை. வந்த சளியின் நாட்கள் பெரியவர்களுக்கு 8 விழுக்காடு, குழந்தைகளுக்கு 14 விழுக்காடு குறைந்தன. ஏழு நாள் சளியில் பெரியவர் ஒருவருக்கு மிச்சமாவது ஏறத்தாழ அரை நாள், அதற்காக அவர் சளி இல்லாத நாட்களிலும் விடாமல் மாத்திரை போட்டிருக்க வேண்டும். சளி பிடித்த பிறகு தொடங்கினால் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. கொட்டாம்பட்டியில் செட் மாத்திரை வாங்குகிறவர் செய்வது சரியாக இந்தக் கடைசி முறையை. ஒரு விதிவிலக்கும் உண்டு, அதை மறைப்பது நேர்மை ஆகாது. மாரத்தான் ஓடியவர்கள், பனிச்சறுக்கு முகாமுக்குப் போனவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த சிப்பாய்கள் என ஐந்து ஆய்வுகளில் 598 பேர். அவர்களில் சளி பிடித்தது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வெயிலில் நாள் முழுக்க நாற்று நடுகிறவருக்கும் குவாரியில் கல் உடைக்கிறவருக்கும் இது பொருந்துமா என்று கேட்டால், அந்த 598 பேரில் அவர்கள் இல்லை. கொட்டாம்பட்டியிலிருந்து மேலூர் போகும் வழியில் கருங்காலக்குடிக் குன்றில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன, தமிழ் பிராமி எழுத்தோடு. அந்தச் சமயத்தின் தருக்கவாதிகள் பின்னாளில் ஒரு விதி செய்தார்கள்: எதைச் சொன்னாலும் 'ஒரு வகையில்' என்று சேர்த்துச் சொல். எந்த வகையில், யாருக்கு, எந்த நிலையில் என்று கேட்க வைக்கிற விதி அது. வைட்டமின் சி சளிக்கு நல்லது என்பவரும் அது வெறும் ஏமாற்று என்பவரும் தாண்டிப் போவது அந்தக் கேள்வியைத்தான்.

இதற்கு எதிராக அடிக்கடி வருகிற வாதம், "சராசரிதானே நீங்கள் சொல்வது? நான் சராசரி இல்லையே, எனக்குக் கேட்கிறது" என்பது. மேலோட்டமாகத் தள்ளக்கூடிய வாதம் இல்லை இது. பதினோராயிரம் பேரில் நூறு பேருக்கு நிஜமாகவே பலன் இருந்து, மற்றவர்களின் கூட்டத்தில் அது கரைந்துபோயிருக்க முடியும். ஆனால் அந்த நூற்றுவரில் நானும் ஒருவன் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் சளி எனக்கு ஒரு தடவைக்கு ஒரு விதமாகத்தான் வருகிறது. மாத்திரை போட்ட இந்தச் சளி போடாதிருந்தால் எத்தனை நாள் இருந்திருக்கும் என்பதை நான் பார்த்ததே இல்லை, இனிப் பார்க்கவும் முடியாது. காட்சி அளவை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. வலி குறைந்தது என்பதற்கு நானே சாட்சி, அதில் இன்னொருவர் தலையிட முடியாது. எதனால் குறைந்தது என்பதற்கு நான் சாட்சி இல்லை. இறையனுபவத்தை இதோடு கோத்துப் பேசுவோர், "உள்ளே உணர்ந்ததை வெளியே இருப்பவன் எண்ணிப் பார்க்க முடியுமா?" என்பார்கள். முடியாதுதான்; ஆனால் அங்கே பேசப்படுவது உணர்ந்ததைப் பற்றி. உணர்ந்ததற்குக் காரணம் எந்த மில்லிகிராம் என்று எந்த அடியாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் வேறொரு பக்கத்திலிருந்து கேள்வி வரும், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாத்திரைக்கு வைக்கிற சோதனையை வேண்டுதலுக்கும் வைக்கத் துணிவு உண்டா? அம்மனுக்கு நேர்ந்துகொண்டு சுகமானவரும் காக்கைக்குப் பின் பழம் கண்டவர்தானே? பகுத்தறிவு பேசுவோர் ஆமாம் என்று முடித்துவிடுவார்கள், நம்பிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். இரண்டு அவசரமும் வேண்டாம். பெரியம்மையை எடுத்துக்கொள்வோம். அம்மை வந்தால் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்பது இந்த நாட்டின் வழக்கம். வேப்பிலை, கூழ், தண்ணீர் ஊற்றுதல் எல்லாம் அதைச் சுற்றியவை. நோயை ஒழித்தது தடுப்பூசி. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை; 1977இல் நாடும் 1980இல் உலகமும் அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். மாரியம்மன் வழிபாடு பெரியம்மைக்கு ஒரு மருந்தாக மட்டும் இருந்திருந்தால், நோய் போனதோடு அதுவும் போயிருக்க வேண்டும். வண்டியூர் மாரியம்மன் கோயிலில் கூட்டம் குறைந்ததா? தீச்சட்டியும் பால்குடமும் முளைப்பாரியும் நின்றனவா? நோய் ஒழிந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது, வழிபாடு அப்படியே நிற்கிறது. அப்படியானால் அது செய்துவந்த காரியம் வேறு என்றுதான் கொள்ள வேண்டும்: அச்சத்தை ஒருத்தியிடம் ஒப்படைப்பது, பிழைத்ததற்கு நன்றி சொல்ல ஓர் இடம் வைத்துக்கொள்வது. கண்வலி தீர வேண்டி வெள்ளிக் கண்மலர் வாங்கி உண்டியலில் போட்டவள், கண் சரியாகாவிட்டால் மலரைத் திருப்பிக் கேட்பதில்லை. "ஆத்தா இன்னும் கண் திறக்கலை" என்று மறுவருஷமும் வருவாள். மாத்திரைக் கம்பெனி ஒன்று தோற்றுப்போன மாத்திரைக்கு இதே சமாதானம் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மாத்திரை கொடுத்த வாக்கு எண்ணிப் பார்க்கத் தக்க வாக்கு. எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று அதன் அட்டையிலேயே எண்கள் இருக்கின்றன. ஆகவே அது எண்ணிக்கைக்கு உட்பட்டே ஆக வேண்டும்.

ஆனால் இந்தப் பாகுபாட்டை ஒரு கேடயமாகப் பிடித்துக்கொள்ளவும் விடக்கூடாது. தடுப்பூசி வேண்டாம், அம்மன் கோபிப்பாள் என்று அன்று சொன்னவர்கள் இருந்தார்கள். திருநீறே போதும், ஆஸ்பத்திரி எதற்கு என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்ன கணமே அவர் வழிபாட்டை விட்டுவிட்டு மாத்திரைக்காரரின் வாக்கைக் கொடுத்துவிட்டார். அவருடைய திருநீறு சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணப்பட வேண்டியதுதான்.

2020, 2021இல் கொரோனா காலத்தில் இந்தக் குழப்பம் பெரிய அளவில் அரங்கேறியது. தமிழ்நாட்டில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்குத் துத்தநாகம், வைட்டமின் சி மாத்திரைகளும் கபசுரக் குடிநீர்ப் பொடியும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. அலோபதியும் சித்தாவும் ஒரே பையில் இருந்ததில், எதற்கு எது சான்று என்ற கேள்வியே எழவில்லை. மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேவை இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோர் எப்படியும் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் அனைவரும் தாம் குடித்ததற்கும் விழுங்கியதற்கும் சாட்சி ஆனார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் இப்படி வீட்டிலிருந்த 214 நோயாளிகளிடம் துத்தநாகம், நாளுக்கு 8 கிராம் வைட்டமின் சி, இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என நான்கு விதமாகப் பார்த்தார்கள். அறிகுறிகள் குறைந்த வேகத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை, தொடர்வதில் பயனில்லை என்று ஆய்வைப் பாதியில் நிறுத்தி 2021 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அரசு அப்போது கொடுத்ததை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். பதற்றமான காலம், கையில் வேறொன்றும் இல்லை. பதற்றம் தணிந்த பிறகும் அந்தப் பையின் நினைவு ஒரு நிரூபணமாக வீடுகளில் தங்கிவிட்டதுதான் சிக்கல்.

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைக் காட்டி, நம் முன்னோருக்கு வைட்டமின் சி தெரியும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. அந்தக் கதையின் பெருமை, தான் தின்றால் நெடுநாள் வாழலாம் என்று தெரிந்தும் ஒருவன் அதைப் பிறருக்குக் கொடுத்ததில் இருக்கிறது; பழத்தின் இரசாயனத்தைப் பற்றி அதில் ஒரு செய்தியும் இல்லை.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது, இதுவரை வந்ததிலேயே பலமானது. மாத்திரை மலிவு, பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. வெறுங்கையோடு அனுப்பினால் நோயாளி அடுத்த கடைக்குப் போய் வைரஸுக்குக் கேட்காத ஆன்டிபயாட்டிக்கை வாங்கி விழுங்குவார். அதற்கு இந்தப் புளிப்பு மிட்டாய் எவ்வளவோ மேல். நன்மைக்காகச் சொல்லும் பொய்யை வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவரே வழிவிட்டிருக்கிறாரே? வழிவிட்டார், ஆனால் குற்றமற்ற நன்மை என்று நிபந்தனை போட்டுத்தான் விட்டார். இந்த நன்மை குற்றமற்றதா என்று பார்க்க வேண்டும். உடம்புக்கு வரும் கேடு சிறிது, ஆனாலும் உண்டு. ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் வரை குடல் ஏறத்தாழ முழுசாக உறிஞ்சும்; அதற்கு மேல் போகப்போக உறிஞ்சும் பங்கு குறையும், உடம்புக்குள் போனதிலும் வேண்டாதது சிறுநீரில் வெளியேறும். 2020இல் நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரை ஆணுக்கு நாளுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. கையளவு முருங்கைக்கீரையும் ஒரு கொய்யாவும் அதைத் தாண்டிவிடும். சுவீடனில் சுமார் 23,000 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் ஏறக்குறைய இரு மடங்கு வந்திருந்தது. மாத்திரைதான் காரணம் என்று அதுவும் அறுதியிடவில்லை, நான் மேலே கேட்ட கறாரை அதற்கும் வைக்க வேண்டும். ஆனால் மதுரைப் பக்கத்து வெயிலில் தண்ணீர் போதாமல் வேலை செய்கிறவருக்கு அது யோசிக்க வேண்டிய செய்தி. உடம்பைவிடப் பெரிய கேடு பழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சளிக்கும் ஒரு மாத்திரை உண்டு என்று பிள்ளையின் மனதில் ஒருமுறை ஏறிவிட்டால், மிட்டாய்க்குக் கேட்காத சளிக்கு அடுத்தபடியாக எது என்று கேட்கத்தான் அது கற்றுக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக்கைத் தடுக்க வந்தது அதற்கே வாசலைத் திறந்துவிடுகிறது.

அதோடு, பொய் தேவையா என்பதே சந்தேகம். ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சுக் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேரில் ஒரு பாதியினரிடம் "இது மருந்தே இல்லாத மாத்திரை, ஆனால் இப்படிப்பட்டவற்றால் சிலருக்குச் சுகம் தெரிவதுண்டு" என்று உள்ளதைச் சொல்லியே கொடுத்தார். மூன்று வாரத்தில் போதிய சுகம் கண்டதாகச் சொன்னவர்கள் அவர்களில் 59 விழுக்காடு. ஒன்றும் கொடுக்கப்படாதவர்களில் 35. சின்ன ஆய்வு, வேறு நோய். சளிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஆறுதலுக்கும் ஏமாற்றுக்கும் பிரிக்க முடியாத உறவு இருக்கிறது என்று இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கொட்டாம்பட்டி மருந்துக் கடைக்காரர் அந்தச் சின்ன உறையைக் கொடுக்கும்போது, "இந்த ஆரஞ்சு மாத்திரை சளியைப் போக்காதுக்கா, அது ஏழு நாள்ல தானா போயிடும். பிள்ளைக்கு வாய் கசப்பா இருந்தா ஒண்ணு சப்பட்டும். மூச்சு வாங்குனாலோ காய்ச்சல் மூணு நாளுக்கு மேல நின்னாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னால் அவருக்கு ஒரு மாத்திரை விற்பனை குறையலாம். குறையாமலும் போகலாம்.